ஓடுகிற பிள்ளையைத் தூதுக்கு அனுப்பாதீர்கள்

திருகோணமலையில் உயர்கல்வி நிலையங்களை நடத்துகிறவர்களுக்கும், நமது மாவட்டத்து நீண்டதூர ஓட்டக்காரர்களைப் பயிற்றுவிக்கிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்புக்குரிய பீடாதிபதிகளே, விரிவுரையாளர்களே, உடற்கல்விப் போதனாசிரியர்களே, பயிற்றுநர்களே,

வணக்கம். சண்டை பிடிக்க இதை எழுதவில்லை. ஓடுகிற பிள்ளைகளுக்குப் புள்ளி கூட்டிப் போடுங்கள் என்று கேட்கவும் இல்லை. உங்களில் சிலர் பாடத்துக்குப் பொறுப்பு, சிலர் ஓட்டத்துக்குப் பொறுப்பு. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கடிதமும் காரணமும் காவிக்கொண்டு திரிவது இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளை. விரிவுரையாளர் சொன்னதைப் பயிற்றுநரிடம் சொல்லி ஏச்சு வாங்குவதும் அந்தப் பிள்ளைதான். பயிற்றுநர் சொன்னதை விரிவுரையாளரிடம் சொல்லி ஏச்சு வாங்குவதும் அந்தப் பிள்ளைதான். அந்தத் தூது வேலையை அவர்களிடமிருந்து வாங்கி நீங்கள் செய்யுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் அதற்கான விளக்கம்.

நான் ஒரு காலத்தில் 5,000 மீற்றர் ஓடினவன். இப்போது உப்புவெளிப் பக்கம் விடியப்புறம் ஓட வருகிற பிள்ளைகளுக்கு நேரம் பிடிக்கிறேன். ஏ/எல் முடிந்து அவர்களில் சிலர் இங்கே கோணேசபுரி வளாகத்துக்குப் போகிறார்கள். மற்றவர்கள் வந்தாறுமூலை, ஒலுவில், யாழ்ப்பாணம், பேராதனை என்று போகிறார்கள். லீவில் ஊருக்கு வரும்போது எல்லாக் கதையும் வரும். எந்தக் கதை எந்த வளாகத்தில் நடந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அந்த வளாகத்தைப் பற்றியதாகிவிடும், விஷயம் விட்டுப்போகும்.

முதலில் பாடத்துக்குப் பொறுப்பானவர்களோடு கொஞ்சம் பேச வேண்டும். கரப்பந்தோ கிரிக்கெட்டோ விளையாடுகிற பிள்ளைகள் போட்டிக்கு முன் மூன்று கிழமை மும்முரமாகப் பழகி ஒருமாதிரிச் சமாளித்துவிடலாம். நீண்டதூர ஓட்டத்தில் அது நடக்காது. 10,000 மீற்றர் என்பது மைதானத்தை 25 தரம் சுற்றுவது. அதற்கு வேண்டிய மூச்சு மாதக்கணக்கில் சேர்ந்து வருடக்கணக்கில் வளருவது. தசைக்குள் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருக வேண்டும், எலும்பும் தசைநாணும் அந்த அடியைத் தாங்கப் பழக வேண்டும். இரண்டு மூன்று கிழமை முற்றாக விட்டால் சேர்த்தது இறங்கத் தொடங்கிவிடும். "பரீட்சை முடியட்டும், பிறகு ஓடு தம்பி" என்று நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் வருடத்தில் இரண்டு பரீட்சைக் காலம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் படிப்பு லீவு. அதெல்லாம் விட்டால் ஓடுவதற்கு என்ன மிஞ்சும்?

ஒரு கணக்குப் பார்ப்போம். தேசிய மட்டத்தை எட்டிப் பார்க்கிற ஒரு பெடியன் கிழமைக்கு 100 கிலோமீற்றர் ஓடுகிறான் என்று வையுங்கள். இது பெரிய தூரமில்லை, உலக மட்டத்தில் இதைவிட எவ்வளவோ அதிகம் ஓடுகிறார்கள். கிலோமீற்றருக்கு ஐந்து நிமிடம் என்று போட்டால் ஓட்டம் மட்டும் எட்டு மணி 20 நிமிடம். உடம்பைச் சூடாக்குவது, தளர்த்துவது, தசைப் பயிற்சி, மைதானத்துக்குப் போய் வருவது, குளிப்பது, உடுப்புத் தோய்ப்பது எல்லாம் சேர்த்தால் பதினைந்து மணித்தியாலம் தாண்டும். அதைப் பகலில் தான் நினைத்த நேரத்தில் செய்யவும் அவனால் முடியாது. வைகாசி தொடக்கம் ஆவணி மட்டும் கச்சான் அடிக்கிற ஊர் இது. காலை ஏழரைக்குப் பிறகு நிலாவெளி வீதியில் ஓடிப் பாருங்கள், தாரின் சூடு சப்பாத்துக்குள் வரும். மாரியில் மறுவளம்: கார்த்திகை, மார்கழியில் மைதானத்தில் தண்ணீர் நிற்கும், கடற்கரையில் வாடைக்காற்று முகத்தில் அடிக்கும். கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வீதி ஏற்றப் பயிற்சிக்கு நமக்குக் கிடைத்த வரம், மான்கள் குறுக்கே வராமல் இருந்தால்.

ஆகவே நாலரைக்கு எழும்ப வேண்டும். விடுதியில் இருக்கிற பிள்ளை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், விஞ்ஞானம் படிக்கிற இரண்டாம் வருட மாணவி. வீட்டிலிருந்த காலத்தில் அப்பா ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். விடுதியில் யார் வருவது? கேற் திறக்க விடுதிப் பொறுப்பாளரின் அனுமதி வேண்டும். திறந்து வெளியே வந்தால் நாய்கள். கையில் ஒரு சின்னத் தடியோடுதான் ஓடுவாள். ஆறே முக்காலுக்குத் திரும்பினால் குளியலறை வாசலில் வரிசை. கன்ரீனில் அந்த நேரம் கிடைப்பது பாணும் சம்பலும், அல்லது ரொட்டி. எட்டு மணிக்கு லெக்சர். பின்னேரம் ஒன்றிலிருந்து நாலு மணிவரை செய்முறை வகுப்பு, நின்றுகொண்டு. நாலரைக்கு மைதானம். இரவு ஒப்படை எழுதி முடிய பன்னிரண்டு. நாலரைக்கு அலாரம். கடினமாகப் பழகுகிற உடம்புக்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும். இவளுக்குக் கிடைப்பது நாலரை. அடுத்த நாள் லெக்சரில் அவள் தூங்கி விழுந்தால் "ஓட்டம் தலைக்கேறிவிட்டது" என்பீர்கள். மைதானத்தில் கால் இழுத்தால் "படிப்பு என்று சாட்டுச் சொல்கிறாள்" என்பார் அவளுடைய பயிற்றுநர்.

வரவுக் கணக்கு இன்னொன்று. பெரும்பாலான இடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. பதினைந்து கிழமை, கிழமைக்கு ஒரு லெக்சர் என்றால் மூன்றைத்தான் விடலாம். இங்கிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், சுகததாச அரங்கில் ஓடி, மறுபடி இரவு ரயிலில் வந்து சேர ஒரு போட்டிக்கு மூன்று நாள் போய்விடும். அப்படி இரண்டு போட்டி வந்து, அதன்மேல் டெங்கும் வந்தால் கதை முடிந்தது.

சரி, கடிதம் கொடுத்தால் விடுவார்களே என்பீர்கள். கடிதம் கொடுத்த ஒருவனின் கதையைச் சொல்கிறேன். மாகாண மட்டப் போட்டியும் செய்முறைப் பரீட்சையும் ஒரே நாளில் வந்துவிட்டன. உடற்கல்விப் பிரிவின் கடிதத்தோடு துறைக்குப் போனான். "இதற்கு எங்களிடம் நடைமுறை இல்லை, மெடிக்கல் இருந்தால் கொண்டு வாரும் பார்க்கலாம்" என்றார்களாம். அவன் என்ன செய்வான்? காய்ச்சல் என்று மெடிக்கல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்கு அந்தக் காய்ச்சல்காரன் 10,000 மீற்றரில் இரண்டாம் இடம். இரவே முகநூலில் படம் வந்துவிட்டது, பதக்கத்தோடு, பல்லெல்லாம் தெரிய. திங்கட்கிழமை துறைத்தலைவரின் அறைக்கு அழைப்பு. பொய் சொன்னது பிழைதான், அதில் வாதமில்லை. ஆனால் உண்மையைச் சொன்ன கடிதத்துக்கு இடம் வைக்காமல் பொய் சொல்கிற கடிதத்துக்கு மட்டும் இடம் வைத்தது அந்தப் பெடியனா?

இனிப் பயிற்றுநர்கள் பக்கம் வருகிறேன். உங்களில் பலர் எனக்குத் தெரிந்தவர்கள், கோபிக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பீடங்களுக்கிடையிலான போட்டி என்று வந்தால் நீண்டதூர ஓட்டக்காரரைப் போலப் பாவப்பட்ட ஜீவன் வேறில்லை. "அவள் எப்படியும் ஓடுவாள்தானே" என்று எல்லா நிகழ்ச்சிக்கும் பெயர் கொடுத்துவிடுவீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை காலையில் 10,000, அன்று பின்னேரமே 1,500, அடுத்த நாள் 5,000, கடைசியாக ஆள் காணாது என்று 4 தர 400 அஞ்சலும் ஓடினாள். பீடத்துக்குப் புள்ளி வந்தது, கிண்ணம் வந்தது, பப்பரவாத்தியமும் வந்தது. அவளுக்குக் கணைக்கால் எலும்பில் நோ வந்தது. அழுத்த முறிவு என்றார்கள். அதற்கு வைத்தியம் ஓய்வுதான், கிழமைக்கணக்கில். அந்த வருடம் அவளுக்குத் தேசிய மட்டம் இல்லை. நொண்டிக்கொண்டு மூன்றாம் மாடி லெக்சருக்கு ஏறினதுதான் மிச்சம்.

இந்த அவசரம் எதற்கு? நீண்டதூர ஓட்டக்காரரின் நல்ல காலம் பெரும்பாலும் இருபதுகளின் நடுவிலும் பின்பாதியிலும்தான் வருகிறது. வளாகத்தில் இருக்கிற நான்கு வருடமும் அத்திவாரம் போடுகிற காலம். இரண்டாம் வருடத்திலேயே பதக்கம் வேண்டும் என்று நிற்கிறவர் பிள்ளைக்காக நிற்கவில்லை, வருடாந்த அறிக்கைக்காக நிற்கிறார்.

பரீட்சைக் கிழமையிலும் அதே சுற்று, அதே வேகம் என்று நிற்பதும் சரியில்லை. மனத்துக்கு ஒரு கணக்கு, காலுக்கு இன்னொரு கணக்கு என்று உடம்பு வைத்திருப்பதில்லை. இரண்டு சுமையையும் சேர்த்தே தூக்குகிறது. அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிற மாணவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016ல் வெளிவந்தது. பரீட்சை நெருக்குகிற கிழமைகளில் காயமும் சுகயீனமும் கூடுகின்றன என்று அது காட்டியது. விளையாட்டு வேறு, நாடு வேறு. ஆனால் நித்திரை முழித்துப் படித்த காலோடு வேக ஓட்டம் ஓடினால் என்ன நடக்கும் என்பதை நமது மைதானத்திலேயே பார்த்திருக்கிறோம்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் சொல்வதில்லை. ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு இல்லாவிட்டால் முதலில் மாதவிடாய் தவறும், பிறகு எலும்பு மெலியும், அதற்குப் பிறகுதான் மைதானத்தில் வேகம் குறையும். அதாவது பயிற்றுநரின் கண்ணுக்குத் தெரிய வருவது கடைசிக் கட்டம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014ல் இதை ஒரு தனி உடல்நலக் குறைபாடாக எடுத்துப் பேசியது, ஆண்களுக்கும் இது வரும் என்றும் சொன்னது. நமது ஊரில் பயிற்றுநர் ஆண், பிள்ளைக்கு வாய் வராது, தாய்க்கும் சொல்ல மாட்டாள். ஒரு பெண் விரிவுரையாளரோ தாதியோ மாதம் ஒருமுறை தனியாகக் கூப்பிட்டு "தங்கச்சி, எல்லாம் ஒழுங்கா வருதா, சாப்பிடுறியா" என்று கேட்டாலே பாதி பிரச்சினை வெளியே வரும். இரும்புச்சத்தும் பார்க்க வேண்டும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிற நமது பழக்கம் சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். சூடை மீனும் கீரி மீனும் மலிவாகக் கிடைக்கிற துறைமுகப் பட்டினத்தில் ஓடுகிற பிள்ளைக்கு இரத்தம் குறைவு என்றால் வெட்கமாக இருக்கிறது.

இப்படிப் பேசினால் ஒருவர் தவறாமல் றொஜர் பனிஸ்டரை இழுப்பார். மருத்துவ மாணவன், 1954 மே 6ந் திகதி காலையில் லண்டன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, ரயிலேறி ஒக்ஸ்போர்டுக்குப் போய், பின்னேரம் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி முடித்தவர். பிறகு நரம்பியல் வைத்தியராகவும் பேரெடுத்தவர். உண்மைதான். ஆனால் அவர் ஓடியது நாலு சுற்று. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பழகியே அந்தக் காலத்தில் அதைச் செய்ய முடிந்தது. 25 சுற்று ஓடுகிற இன்றைய பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்லி "அவரால் முடிந்தது உன்னால் ஏன் முடியாது" என்று கேட்பது நியாயமில்லை.

நமது ஆளையே எடுப்போம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உயரம் பாய்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952லும் 1956லும் ஒலிம்பிக்கில் பங்குபற்றினார். 1958ல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார், இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் கிடைத்த முதல் தங்கம் அது. லொஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பட்டம், பிறகு கோர்னெலில் கலாநிதிப் பட்டம். அவருடைய திறமையும் ஒழுக்கமும் பெரிது. ஆனால் பாய்வதையும் படிப்பதையும் ஒரே இடத்தில் செய்யலாம் என்று ஒரு பல்கலைக்கழகம் ஒழுங்கு வைத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் அந்த ஒழுங்கு இன்றைக்கு எழுத்தில் இருக்கிறது. கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்சிஏஏ அமைப்பின் விதிப்படி போட்டிக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் பயிற்சிக்குப் பிடிக்கக்கூடாது, கிழமையில் ஒரு நாள் முழு ஓய்வு. மறுபக்கம், முதற்பிரிவுக் கல்லூரிகளில் மாணவர் இரண்டாம் வருட முடிவில் பட்டப்படிப்பின் 40 வீதத்தையும் மூன்றாம் வருட முடிவில் 60 வீதத்தையும் முடித்திருக்காவிட்டால் போட்டியில் இறங்க முடியாது. 20 மணி என்பது அங்கேயும் மீறப்படுகிறது என்ற முறைப்பாடு நெடுக உண்டு. அவர்களுடைய பணமும் தொலைக்காட்சியும் நமக்கு வேண்டாம், அந்தத் தலைவலியும் வேண்டாம். பயிற்றுநருக்கு ஒரு வரம்பு, மாணவருக்கு ஒரு வரம்பு, இரண்டும் முன்கூட்டியே எழுத்தில் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது தெரிந்த கதை. இந்த நாட்டில் பள்ளிக்கூடம் முடிந்த பிறகும் ஓட வேண்டும் என்றால் சம்பளமும் சாப்பாடும் பயிற்சி நேரமும் தருகிற இடம் பெரும்பாலும் முப்படைகள்தான். மலையகத்திலிருந்து வந்து 5,000, 10,000 மீற்றர்களில் தேசிய மட்டத்தில் பேர் எடுத்த குமார் சண்முகேஸ்வரனும் இராணுவத்துக்காக ஓடியவர்தான். அந்த வழியில் போக விருப்பமில்லாத, அல்லது போக முடியாத மூதூர்ப் பிள்ளைக்கும் கிண்ணியாப் பிள்ளைக்கும் குச்சவெளிப் பிள்ளைக்கும் மிச்சமிருக்கிற ஒரே இடம் வளாகம். விளையாட்டுச் சாதனைக்காகப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட இடம் வைத்திருக்கிறோம். ஓட்டத்துக்காக உள்ளே எடுத்துவிட்டு, உள்ளே வந்தபின் ஓடினதற்காக வரவை வெட்டுவது என்ன நியாயம்?

கேட்பது ஒரு தாள். அரையாண்டு தொடங்குமுன், மாகாண, தேசிய மட்டத்தில் ஓடுகிற அந்தச் சில பிள்ளைகளுக்கு மட்டும் (ஒரு வளாகத்தில் பத்துப் பேர் தேறினால் அதிகம்) துறை சார்பில் ஒரு விரிவுரையாளரும் பயிற்றுநரும் ஒன்றாக இருந்து பரீட்சைத் திகதி, செய்முறைத் திகதி, போட்டித் திகதி எல்லாவற்றையும் ஒரே தாளில் போடுங்கள். எது எதோடு முட்டுகிறது என்பது முதற்கிழமையே தெரிந்துவிடும். எந்தப் போட்டிக்குப் போவது, எதை விடுவது என்று அப்போதே முடிவு எடுத்து இருவரும் கையெழுத்து வையுங்கள். அந்தத் தாளில் உள்ள நாளில் வராவிட்டால் வரவில் வெட்டாதீர்கள். செய்முறையை வேறு குழுவோடு செய்ய விடுங்கள். பரீட்சை தவறினால் அடுத்த முறை முதல் தடவையாகவே எழுத விடுங்கள், மெடிக்கலுக்கு அலைய விடாதீர்கள்.

அதற்குப் பதிலாகப் பிள்ளையிடமும் கேளுங்கள். போட்டிக்குப் போகுமுன் ஒப்படையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஜிபிஏ பேசிவைத்த அளவுக்குக் கீழே இறங்கினால் அடுத்த அரையாண்டில் போட்டி குறையும். பயிற்சியை நிறுத்தாதீர்கள், போட்டியைக் குறையுங்கள். பயிற்றுநர் ஒரு போட்டியில் இரண்டு நிகழ்ச்சிக்கு மேல் பெயர் கொடுக்கக்கூடாது, பரீட்சைக் கிழமைகளில் தூரத்தைப் பாதியாக்க வேண்டும், கிழமையில் ஒரு நாள் கூப்பிடவே கூடாது. வட்ஸ்அப்பிலும் கூப்பிடக்கூடாது.

இதில் காசு செலவாகிற விஷயம் ஒன்றே ஒன்று: காலை ஆறே முக்காலுக்குக் கன்ரீனில் இரண்டு அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும். அதற்கும் பழைய மாணவர்களில் நாலு பேரைப் பிடிக்கலாம், அந்த வேலையை என்னிடம் விடுங்கள்.

அடுத்த அரையாண்டுக்கான நேரசூசி போடுமுன் இரு பக்கத்தாரும் ஒருமுறை ஒரே மேசையில் இருந்து பேசுங்கள். அந்தத் தாளுக்கு ஒரு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன், கூப்பிட்டால் கொண்டு வருகிறேன். கூட்டத்தைப் பின்னேரம் நாலு மணிக்குள் முடிக்கிற மாதிரி வையுங்கள். அதற்குப் பிறகு பயிற்றுநர்களும் இருக்க மாட்டார்கள், நானும் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு பழைய 5,000 மீற்றர் ஓட்டக்காரன்